விரல் நீட்டிய அரசன்

சக்கரத்தை மனிதர்கள் புதிதாகக் கண்டுபிடித்திருந்த காலம் அது. இரும்பு என்ற ஒன்றை யாரும் கேள்விகூடப் பட்டதில்லை. இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவே, மலையும் இல்லாமல் கல்லும் இல்லாமல், களிமண்ணையும் நாணலையும் மட்டுமே நம்பி ஒரு நாடு இருந்தது. சுமேர் என்று அதற்குப் பெயர். சுமேரில் கிஷார் என்றொரு நகரம். கிஷாரை மெஷ்தாரு என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் செத்துப்போன நாளில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன், கேளுங்கள்.

ஆமாம், செத்துப்போன நாளில்தான். இந்தக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெஷ்தாரு கெட்ட அரசன் இல்லை. ஊருக்குச் சுவர் கட்டினான். களஞ்சியத்தை நிரப்பினான். அவன் ஆட்சியில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் அவன் ஊரை எப்போதும் அரண்மனை மாடியிலிருந்துதான் பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் எறும்புகளைப்போலத் தெரிவார்கள். எறும்புகளில் எது எந்த எறும்பு என்று யார் பார்க்கிறார்கள்?

அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒரே ஒரு தங்கை இருந்தாள். நின்தூரி என்று பெயர். தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் போனபோது அவள் நடக்கக்கூடத் தெரியாத குழந்தை. அவளைத் தோளில் சுமந்து வளர்த்தவன் மெஷ்தாரு. ‘தூரி’ என்றுதான் கூப்பிடுவான்.

அன்று புதுக் கால்வாயைத் திறக்கும் நாள். ஊரே திரண்டு பல வருடம் வெட்டிய கால்வாய். ஆற்று நீரை வறண்ட வயல்களுக்குக் கொண்டுபோகப் போகிற கால்வாய். மெஷ்தாரு விடிந்ததும் எழுந்தான், குளித்தான், செருப்பில் காலை நுழைத்தான்.

செருப்புக்குள் தேள் இருந்தது.

காலில் நெருப்பை வைத்ததுபோல் இருந்தது. “தூரி” என்று கூப்பிட வாயைத் திறந்தான். நாக்கு தடித்துப் புரளவில்லை. தங்கை ஓடி வருவது தெரிந்தது. அவள் முகம் தண்ணீரில் தெரியும் நிழலைப்போலக் கலங்கிக் கலங்கி மறைந்தது. ‘கால்வாயைத் திறக்காமல் நான் எப்படிச் சாக முடியும்?’ என்றுதான் அவன் கடைசியாக நினைத்தான்.

நினைத்து முடிப்பதற்குள் செத்துவிட்டான்.

கண்ணைத் திறந்தபோது அவன் ஒரு பாதையில் நடந்துகொண்டிருந்தான். கீழே கீழே போகும் பாதை. கால் வைத்த இடமெல்லாம் புழுதி. மேலே வானம் இல்லை. முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நடந்தார்கள், யாரும் யாரோடும் பேசவில்லை.

முதல் வாசல் வந்தது. வாசற்காரன் கையை நீட்டி, அவன் கழுத்தில் தொங்கிய முத்திரைக் கல்லைக் கழற்றிக்கொண்டான்.

“அது அரசனின் முத்திரை” என்றான் மெஷ்தாரு.

“இங்கே அதற்கு வேலை இல்லை” என்றான் வாசற்காரன்.

இரண்டாம் வாசலில் நீலக்கல் காப்பைக் கழற்றினார்கள். மூன்றாம் வாசலில் மேலாடையையும் உருவிக்கொண்டார்கள். ஆயிரம் பேர் முன்னால் தலை நிமிர்ந்து நின்றவன், பிறந்த குழந்தையைப்போல் வெறும் உடம்போடு நின்றான். தன் வாழ்நாளில் யாரும் தன்னிடம் கேட்காமல் எதையும் எடுத்ததில்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. 

மூன்றாம் வாசலுக்கு அப்பால் பாதாள அரசி உட்கார்ந்திருந்தாள். கொம்பும் பல்லும் வைத்த அரக்கி ஒருத்தியை அவன் எதிர்பார்த்திருந்தான். இவளோ பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப்போல, தலை கலைந்து, முகத்தில் புழுதி அப்பி இருந்தாள்.

“இது அநியாயம்” என்றான் மெஷ்தாரு. “இன்றைக்கு நான் ஒரு கால்வாயைத் திறக்க வேண்டும்.”

“போன வாரம் வந்தவள் கல்யாணப் பெண்” என்றாள் அரசி. “அதற்கு முன்னால் வந்தவன் அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். வேலையை முடித்துவிட்டு வந்தவர் என்று நான் யாரையும் பார்த்ததில்லை.”

“நான் அரசன்.”

“அதை முதல் வாசலிலேயே கழற்றியிருப்பார்களே.”

 வாழ்க்கையில் முதல்முறையாக மெஷ்தாரு மண்டியிட்டான். “என்னைத் திரும்ப அனுப்பு” என்றான்.

அரசி சற்றே முன்னால் குனிந்தாள்.

“உனக்காக இங்கே ஓர் இடம் திறந்துவிட்டது” என்றாள். “திறந்த இடத்தை வெறுமையாக விட முடியாது. அதில் நீதான் உட்கார வேண்டும் என்று சட்டம் இல்லை. வேறொருவரை அனுப்பிவிட்டு நீ மேலேயே இருந்துகொள்.”

“யாரை?”

“யாரை வேண்டுமானாலும். விரலை நீட்டு, போதும். என் ஏவலர்கள் கொண்டுவந்துவிடுவார்கள். ஒருவரை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவர் கண்ணுக்குத் தெரிவாய். பேர் சொல்லாமல் விரல் நீட்டினாலும், நீட்டப்பட்டவருக்கு மட்டும் தெரிவாய். சூரியன் மறைவதற்குள் நீ யாரையும் காட்டாவிட்டால் உன்னையே கொண்டுவருவார்கள்.”

இவ்வளவுதானா என்று மெஷ்தாருவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு விரல். அரசனாக இருந்தபோது அவன் செய்ததும் கிட்டத்தட்ட அதுதானே?

மேலாடையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு ஏவலர்கள் அவனோடு கிளம்பினார்கள். ஒருவன் நாணலைப்போல் மெலிந்தவன், மற்றவன் மண்சுவரைப்போல் அகன்றவன். அவர்கள் ரொட்டி தின்றதில்லை. தண்ணீர் குடித்ததில்லை. ஒரு குழந்தையைக் கையில் தூக்கியதில்லை. ஆகவே அவர்களிடம் கெஞ்சுவதற்கும் ஒன்றும் இல்லை, கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை.

மேலே வந்தபோது நல்ல வெயில். கிஷாரின் பெரிய வாசலில் நின்று மெஷ்தாரு காது கொடுத்துக் கேட்டான். அழுகுரல் கேட்கும் என்று நினைத்தான். அரசன் இறந்தால் ஊர் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொள்ளும். ஆடையைக் கிழித்துக்கொள்ளும். முகத்தை நகத்தால் கீறிக்கொள்ளும். சுமேர் நாட்டின் வழக்கம் அது.

யாரும் அழவில்லை. வெங்காயம் விற்கிறவள் வெங்காயம் விற்றாள். காவலன் கொட்டாவி விட்டான். கழுதை மேய்ப்பவர்கள் இருவர் தர்ப்பூசணிக்காகச் சண்டை போட்டார்கள். அவனுடைய சொந்தப் படைத்தலைவன் அவனுக்கு நேரே நடந்து வந்து, காற்றைக் கடப்பதுபோல் அவனைக் கடந்து போனான்.

மெஷ்தாரு திகைத்துப்போய் நின்றான். ‘நான் செத்தது இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லையா?’

“யாரை?” என்று கேட்டான் மெலிந்தவன்.

“எப்படியும் சாகப்போகிறவன் ஒருவன் சிறையில் இருக்கிறான்” என்றான் மெஷ்தாரு. “அவன் போவதில் யாருக்கு நஷ்டம்?”

அந்தக் கைதி கால்வாய் வெட்டும்போது குறுக்கே வந்து உட்கார்ந்தவன். தன் வயலில் மண்வெட்டி விழக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன். அந்தச் செய்தி வந்தபோது மெஷ்தாரு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பாமல், ஈயை ஓட்டுவதுபோல் கையை வீசினான். கால்வாய் திறக்கும் அன்று சாயங்காலம் அவன் தலையை எடுப்பது என்று அதிகாரிகள் முடிவு செய்துவிட்டார்கள்.

சிறையில் வைக்கோல் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கூப்பிடலாம் என்று மெஷ்தாரு வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. அந்த மனிதனின் பெயர் அவனுக்குத் தெரியாது. பெயர்கூடத் தெரியாத ஒருவனைச் சாகச் சொல்லியிருக்கிறான்.

விரலை மட்டும் நீட்டினால் போதும்தான். ஆனாலும் ஏனோ பெயரைத் தெரிந்துகொள்ளாமல் அவனுக்கு விரல் எழவில்லை. நல்ல வேளையாகக் காவலன் ரொட்டியோடு வந்தான். “லூநன்னா, இந்தா. இதுதான் கடைசி ரொட்டி” என்று வைத்துவிட்டுப் போனான்.

“லூநன்னா” என்றான் மெஷ்தாரு.

கைதி நிமிர்ந்து பார்த்தான். பயப்படவில்லை. முகமெல்லாம் மலர்ந்தது. அவசர அவசரமாக வைக்கோலைக் கையால் தட்டிச் சரிசெய்து, “உட்காருங்கள் அரசே” என்றான். “நீங்கள் வருவீர்கள் என்று என் மனைவி சொன்னாள். அரசர் காதுக்கு விஷயம் போயிருக்காது, போயிருந்தால் இப்படி நடக்க விடமாட்டார் என்று அடித்துச் சொன்னாள்.”

மெஷ்தாரு உட்காரவில்லை. “எந்த விஷயம்?” என்று கேட்டான்.

“வயலை நான் கேட்கவில்லை அரசே. வயல் போகட்டும். ஊருக்குத் தண்ணீர் வருவது நல்லதுதானே? வயலின் மூலையில் என் இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருக்கிறேன். கால்வாய் சரியாக அவர்கள் மேலேதான் போகிறது. அந்த மூலை ஒன்றுதான் இன்னும் வெட்டாமல் பாக்கி. ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் எலும்பைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் வைத்திருப்பேன். அந்த ஒரு நாளைத்தான் கேட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அரசே.”

மெஷ்தாருவுக்குத் தலையில் யாரோ கட்டையால் அடித்ததுபோல் இருந்தது. ஒரு நாள். பாதாள அரசியின் முன்னால் மண்டியிட்டு அவனே கேட்டது வேறென்ன? காவலனைக் கூப்பிட்டு இவனை விடச் சொல்லலாம் என்று திரும்பினான். காவலனின் பெயரும் தெரியவில்லை.

வெளியே வந்தான். விரல் எழவே இல்லை. சூரியன் உச்சியில் இருந்தது.

“யாரை?” என்று கேட்டான் அகன்றவன்.

மெஷ்தாரு யோசித்தான். பிறகு ஆற்றங்கரைக்கு நடந்தான். படகுத்துறையில் உபாரு இருந்தார். மெஷ்தாரு சின்னப் பையனாக இருந்தபோதே அவர் கிழவர். கால் இரண்டும் வீங்கி, கண் மங்கி, கவிழ்த்த படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு உற்றாரும் இல்லை, உறவும் இல்லை.

“உபாரு” என்றான் மெஷ்தாரு.

கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அரசனைப் பார்த்தார். அவனுக்கு இரு பக்கமும் நிற்கிற ஆட்களையும் பார்த்தார். வயதானவர்களுக்குச் சில விஷயங்கள் சட்டென்று விளங்கிவிடும்.

“என்னைக் கூட்டிப் போக வந்தீர்களா?” என்றார். “நல்லது. வரவேண்டியதுதான். பல் போய்விட்டது, கால் போய்விட்டது, கட்டினவளும் போய்விட்டாள். எனக்கு இங்கே ஒன்றும் இல்லை.”

மெஷ்தாருவின் நெஞ்சு துள்ளியது. கேட்காமலே சம்மதிக்கிற ஒருவர் கிடைத்துவிட்டார். இதில் பாவமும் இல்லை, பழியும் இல்லை. அவன் கை மேலே எழுந்தது.

“கொஞ்சம் பொறுங்கள்” என்றார் உபாரு. “கெண்டைமீன் ஏறுகிற பருவம் இது. நீரில் வாசம் அடிக்கிறது பாருங்கள். பொழுது சாயும்போது கூட்டம் கூட்டமாக வரும். அதைப் பார்த்துவிட்டு வரட்டுமா?”

“ஒன்றும் இல்லை என்றீரே” என்றான் மெஷ்தாரு.

“ஒன்றும் இல்லைதான்” என்றார் கிழவர். “ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் இருக்கிறதே.”

 இவருக்கு இழக்க எதுவும் இல்லை என்று நினைத்துத்தான் மெஷ்தாரு வந்திருந்தான். அவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் மிச்சமிருந்த ஒரு சாயங்காலம் அவருக்கு ஒரு நாட்டைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்த கை தானாகக் கீழே இறங்கியது.

“நீர் இரும்” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

சூரியன் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. “யாரை?” என்றார்கள் ஏவலர்கள் இருவரும் சேர்ந்து.

அப்போது அரண்மனைப் பக்கமிருந்து முரசு கேட்டது. சாவு முரசு இல்லை, விருந்து முரசு. குழலும் சேர்ந்து ஒலித்தது.

மெஷ்தாருவின் ரத்தம் சூடேறியது. ஓடினான். படிகளை இரண்டிரண்டாகத் தாவினான். மாடி முற்றத்துக்கு வந்தவன் கண்ட காட்சியில் கல்லாய்ச் சமைந்தான்.

ஆற்றைப் பார்த்தபடி அவனுடைய சிம்மாசனம் போடப்பட்டிருந்தது. அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் அவனுடைய கிரீடம். உடம்பில் கால்வாய் திறப்புக்கென்று அவன் நெய்யச் சொன்ன சிவப்பு அங்கி. கையில் அவனுடைய மதுக் கிண்ணம். பக்கத்தில் முரசடிப்பவர்கள், குழல் ஊதுபவர்கள்.

சற்றே தலை திரும்பியபோது முகம் தெரிந்தது. தூரி.

அவன் தோளில் சுமந்து வளர்த்த தூரி. கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கிண்ணத்தை உயர்த்திச் சிரித்தாள்.

ஊர் அழாதது ஏன் என்று அவனுக்கு இப்போது புரிந்துவிட்டதுபோல் இருந்தது. அவன் உடம்பு சில்லிடுவதற்குள் சிம்மாசனத்தைப் பிடித்துவிட்டாள். செருப்பில் தேளை வைத்ததுகூட இவள்தானோ? அந்த எண்ணம் வந்ததும் அவன் கண் இருண்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது தடவையாகக் கை எழுந்தது, இந்தத் தடவை இறங்கவில்லை.

விரலை நீட்டினான்.

ஏவலர்கள் கண் இமைப்பதற்குள் அவள் மேல் பாய்ந்தார்கள். மெலிந்தவன் அவள் கையைப் பிடித்தான். அகன்றவன் அங்கியைப் பிடித்து இழுத்தான். கிண்ணமும் கிரீடமும் உருண்டன. முரசு நின்றது. சிவப்பு அங்கி தோளிலிருந்து கால்வரை கிழிந்து விழுந்தது.

உள்ளே அவள் கட்டியிருந்தது சாவுத் துணி.

கரடுமுரடான, சாம்பல் பூசிய, ஓரம் கிழித்த ஆட்டுமயிர்த் துணி. கையெல்லாம் கழுத்தெல்லாம் நகக் கீறல். சில கீறல்களில் ரத்தம் இன்னும் காயவில்லை. முகத்தை மட்டும் கீறாமல் விட்டிருந்தாள், ஏனென்றால் முகம் வெளியே தெரியும்.

“அண்ணா” என்றாள் தூரி. விரல் நீட்டியதால் இப்போது அவன் அவளுக்குத் தெரிந்தான். அவள் பார்வை அவன் முகத்திலிருந்து நீட்டிய விரலுக்குப் போனது. விரலிலிருந்து தன்னைப் பிடித்திருந்த கைகளுக்கு வந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் அவள் கையை உதறவில்லை.

“அக்கரையைப் பார் அண்ணா” என்றாள்.

மெஷ்தாரு பார்த்தான். ஆற்றுக்கு அப்பால் கூடாரங்கள். ஈட்டிகள் நாணற்காடுபோல் நின்றன. கிழக்கு மலையிலிருந்து இறங்கி வந்த கொள்ளைப் படை. கரையோரம் தோணிகள் தயாராகக் கட்டப்பட்டிருந்தன.

“நீ இறந்துவிட்டாய் என்று தெரிந்தால் அவர்கள் இன்றைக்கே ஆற்றைக் கடப்பார்கள்” என்றாள் தூரி. “வைத்தியருக்கும் வாசல் காவலனுக்கும் இந்த வாத்தியக்காரர்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஊர் அழுதால் அக்கரைக்குக் கேட்கும். அதனால் அழவில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் கிரீடமும் அங்கியும்தான் அரசன். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தால் போதும், துணைக்கு அழைத்த மேற்கூர்ப் படை வந்துவிடும். பிறகு உனக்காக வாய்விட்டு அழலாம் என்று இருந்தேன்.”

அவள் குரல் அப்போதும் உடையவில்லை. கண்கள்தான் நிரம்பின.

பிள்ளைகளே, தேள் கொட்டியபோது மெஷ்தாரு ஒருமுறை செத்தான். இப்போது மறுமுறை செத்தான். முன்பின் தெரியாத கைதியின் பேச்சை நின்று கேட்டவன், படகுக்காரரின் ஆசையைக் கேட்டுக் கையை இறக்கியவன், தன் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீட்டிய தன் விரலைப் பார்த்தான். அது வேறொருவருடைய விரலைப்போல் இருந்தது.

“விடுங்கள் அவளை” என்றான்.

“நீட்டிய விரல் நீட்டியதுதான்” என்றான் மெலிந்தவன்.

“நான் தவறாக நீட்டிவிட்டேன்.”

“தவறு, சரி எல்லாம் எங்களுக்குத் தெரியாது” என்றான் அகன்றவன். “விரல்தான் தெரியும். வெறும் கையோடு போக முடியாது.”

அவர்கள் தூரியை இழுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார்கள். வாத்தியக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், யாரும் தொடாமலே அங்கி கிழிந்ததும் அரசனின் தங்கை காற்றில் இழுபட்டதும்தான்.

மெஷ்தாரு ஓடிப்போய்க் குறுக்கே நின்றான். கையை மடக்கினான். விரலைத் தன் நெஞ்சில் வைத்தான்.

“விரல்தானே தெரியும் உங்களுக்கு? இதோ, விரல். இது யாரைக் காட்டுகிறது?”

ஏவலர்கள் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நீட்டியவன் பக்கமே திரும்பிய விரலை அவர்கள் பார்த்ததே இல்லை. மெல்லத் தூரியின் கையை விட்டார்கள்.

“வேண்டாம் அண்ணா” என்றாள் தூரி. “என்னைப் போக விடு. ஊருக்கு நீ வேண்டும்.”

“ஊர் எனக்கு வேண்டியிருந்தது” என்றான் மெஷ்தாரு. “ஊருக்கு வேண்டியது உன்னைப் போன்ற ஒருத்தி. நேரம் இல்லை தூரி, கேள். சிறையில் லூநன்னா என்று ஒருவன் இருக்கிறான். வெயில் இறங்குவதற்குள் அவனை விடுவி. அவன் வயலின் மூலையில் இரண்டு பிள்ளைகள் தூங்குகிறார்கள். கால்வாயை அங்கே வளைத்துக் கொண்டுபோ.”

“நேராகப் போக வேண்டும் என்று நீதானே சொன்னாய்?”

“மாடியிலிருந்து பார்த்துச் சொன்னேன்” என்றான்.

பிறகு கீழே கிடந்த கிரீடத்தை எடுத்து, தூசியைத் துடைத்து, அவள் தலையில் வைத்தான். கிழிந்த அங்கியைத் தானே அவள் தோளில் போர்த்தினான். “உட்கார். அக்கரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்றான்.

அவள் உட்கார்ந்தாள். வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டினாள். முரசு மறுபடி ஒலித்தது. அண்ணன் படியிறங்கிப் போவதைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு வழியில்லை. ஆற்றையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மெஷ்தாரு கீழே போனான். முதல் வாசலிலும் இரண்டாம் வாசலிலும் வாங்கிக்கொள்ள அவனிடம் எதுவும் இல்லை. மூன்றாம் வாசலில் மேலாடையை அவனே கழற்றிக் கொடுத்தான்.

பாதாள அரசி எழுந்து நின்றாள். அவள் யாருக்கும் எழுந்ததில்லை.

“இங்கிருந்து போனவர் யாரும் தனக்குத்தானே விரல் நீட்டியதில்லை” என்றாள். “உனக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் என் நாட்டில் புழுதியைத் தவிர ஒன்றும் இல்லை.”

“இருக்கட்டும்” என்றான் மெஷ்தாரு. தனக்காகத் திறந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தான்.

அந்த நாட்டில் பசியைவிடத் தாகம் கொடியது. கிணறும் இல்லை, மழையும் இல்லை. மேலே யாராவது பெயரைச் சொல்லி மண்ணில் தண்ணீர் வார்த்தால், அது அந்தப் பெயருக்கு உரியவரின் கையில் வந்து விழும். பிள்ளை பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் வார்ப்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெஷ்தாருவும் அவர்களில் ஒருவனாக, வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருந்தான்.

அவன் கையில் முதலில் விழுந்தது ஒரே ஒரு மிடறு. திடுக்கிட்டுக் கையைப் பார்த்தான். தண்ணீர். குளிர்ந்த தண்ணீர். தூரிதான் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

மேலேயிருந்து வந்தது அவன் கேட்டறியாத ஒரு பெண்ணின் குரல். “மெஷ்தாரு என்ற அரசருக்கு” என்றது. “என் பிள்ளைகள் தூங்கும் இடத்தைத் தொடாமல் தண்ணீரை வளைத்தவருக்கு. என் புருஷனை வீட்டுக்கு அனுப்பியவருக்கு. உங்கள் காதுக்குப் போனால் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.”

அவள் லூநன்னாவின் மனைவி. அவளை அவன் பார்த்ததே இல்லை. அவள் பெயரும் அவனுக்குத் தெரியாது.

அவளுக்குப் பின்னால், இருமலுக்கு நடுவே அவன் பெயரைச் சொல்லும் உபாருவின் குரல் கேட்டது. இன்னொரு மிடறு விழுந்தது.  பிறகு, அடக்கி அடக்கி வைத்து, கடைசியில் அவன் பெயரைச் சொல்லி வாய்விட்டு வெடித்த ஓர் அழுகை கேட்டது. தண்ணீர் குடம் குடமாக வந்து விழுந்தது. மலைப்படை ஆற்றைக் கடக்காமலே திரும்பிப் போயிருக்க வேண்டும் என்று அவனுக்குப் புரிந்தது. இல்லாவிட்டால் தூரியால் இப்படி அழ முடிந்திருக்காது.

பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிள்ளை இல்லாத ஒருவனுக்கு இவ்வளவு தண்ணீரா? மெஷ்தாரு இரண்டு கைகளையும் சேர்த்துத் தண்ணீரை ஏந்தினான். தான் குடிப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பி, “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டான்.

பிள்ளைகளே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஒருவரை நோக்கி விரலை நீட்டும் முன் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், கேளாமல் நீட்டிவிட்டால் அதன் பழியைத் தானே ஏற்க வேண்டும்.